நான்கு புள்ளி இரண்டு

பதினோராவது ஆளும் அதே அட்டவணையைத்தான் ஒப்பிக்கப்போகிறான் என்பது, அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த நடையிலேயே தெய்வசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது. நடையா அது? பெண் பார்க்க வந்தவன் மாதிரி ஒரு நடை. கழுத்தில் நீல டை, கையில் ஒரு சின்னக் கருவி, அதை அமுக்கினால் சுவரில் படம் மாறும், மாறின படத்தில் கடல், கடலில் காற்றாலை, காற்றாலைக்குப் பின்னால் உதிக்கிற சூரியன். இந்தப் பாழாய்ப்போன சூரியனைக் காலை பத்து மணியிலிருந்து பத்துத் தடவை பார்த்தாயிற்று. அதுவும் நம்மூர்ச் சூரியன்கூட இல்லை, ஏதோ குளிர் தேசத்துச் சூரியன், வெளிறிப்போய், சோகை பிடித்தது மாதிரி. பதினோரு பேரும் ஒரே கடையில் வாங்கினார்களோ என்னவோ. "குட் மார்னிங் மேடம், குட் மார்னிங் சார், குட் மார்னிங் டாக்டர் ஹென்ரிக்" என்று நேர்காணல் குழுவின் மூன்று திசைக்கும் மூன்று தலையாட்டல். ஹென்ரிக் டென்மார்க்கில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, சுவரில் தொங்குகிற டிவிக்குள்ளிருந்து கறுப்பு ரொட்டி மென்றுகொண்டிருந்தார். மேடம் என்பது டாக்டர் வசுமதி, இந்த ஆய்வு மையத்தின் இயக்குநர். கடலைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதியவர், கடலோரத்துக்குப் போனது மகாபலிபுரத்து ரிசார்ட்டில் நடந்த கருத்தரங்குக்கு மட்டும்தான், அங்கேயும் ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்வி. கடற்காற்று மின்சாரக் கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வு, நான்கு வருஷம் உதவித்தொகை, இரண்டு வருஷம் சென்னையில், இரண்டு வருஷம் டென்மார்க்கில். தென்கடலுக்கென்று இந்த வருஷம் ஒரே ஒரு இடம். அந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களில் ஒருவருக்காவது கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்காமல் கை நீட்டத் தெரியுமா? தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. டை கட்டத் தெரிந்தால் போதும். பையன் பேர் ப்ரணவ் என்று தாளில் இருந்தது.

ப்ரணவ் பேச ஆரம்பித்தான். வாய் இருக்கிறதே, அது நன்றாக எண்ணெய் போட்ட வாய், எங்கேயும் சிக்காமல் ஓடியது. கொள்கைச் சட்டகம் என்றான், பங்குதாரர் என்றான், நீலப் பொருளாதாரம் என்றான். தெய்வசிகாமணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டுவது என்பது இந்த வேலையில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கழுத்து தானாகவே ஆடும், மனசு எங்கே வேண்டுமானாலும் போய்த் திரியலாம். மதியம் பிரியாணியா, புளியோதரையா? வசுமதி மேடம் இருந்தால் புளியோதரைதான், நாசம். முட்டியில் காலையிலிருந்து ஒரு வலி. "தென்கடல்ல காத்தாலைக்கு ஏலம் விடப்போற முதல் பகுதியை ஏன் தேர்ந்தெடுத்தேன்னா சார்," என்றான் ப்ரணவ், வருகிறது, வருகிறது, இதோ வந்துவிட்டது, "அது ரொம்பக் குறைஞ்ச மீன்பிடிப் பயன்பாட்டு மண்டலம். அட்டவணை நான்கு புள்ளி இரண்டு இதைத் தெளிவா நிரூபிச்சிருக்கு." நிரூபித்திருக்கிறதாம். முதல் ஆள் அதைச் சொன்னபோது தெய்வசிகாமணி குனிந்து தாளைப் புரட்டினார். நாலாவது ஆள் சொன்னபோது சிரிப்பு வந்தது. ஏழாவது ஆள், ஒரு கண்ணாடி போட்ட பெண், வேதவாக்கைச் சொல்வது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது, அடச்சீ, எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. வெறும் எரிச்சல்தான். முட்டாள்களா, அந்த அட்டவணையைப் போட்டவன் இங்கே உங்கள் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறான், ஒருத்தனுக்காவது தெரியுமா? எங்கே தெரியப்போகிறது. அறிக்கையில் ஒரு ஆலோசனைக் கம்பெனியின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதற்காக ஏறி இறங்கின ஆளின் பெயரை யார் அச்சடிப்பார்கள்?

பதினாறு வருஷம் ஆகிறது. அப்போது அவர் திருச்சி பக்கத்தில் ஒரு தனியார் எஞ்சினியரிங் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர், திங்கள் முதல் சனி வரைக்கும் வகுப்பு, சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல்தான் மனுஷன். கம்பெனிக்காரன் கூப்பிட்டான், தென்கடலில் காற்றாலை நட இடம் பார்க்கிறோம், அங்கே மீன்பிடி நடக்கிறதா என்று எண்ணித் தர ஆள் வேண்டும், பைனாகுலர் நாங்கள் தருகிறோம் என்றான். போனார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, விடியும்போது ஆரோக்கியத்துறை என்கிற கடற்கரை ஊரில் இறங்கி, லைட்ஹவுஸ் படிகளை மூச்சு வாங்க ஏறி, காலை ஆறிலிருந்து பத்து வரைக்கும் கண்ணில் பைனாகுலரை வைத்துக்கொண்டு கடலைத் துழாவினார். எவ்வளவு கடமை! எவ்வளவு நேர்மை! ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்தார். படகு: பூஜ்யம். படகு: பூஜ்யம். ஒரு வாரம் எண்ணிவிட்டுப் போகக்கூடாது, நாலு வாரம் எண்ணவேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்று ஜனவரியில் நாலு ஞாயிற்றுக்கிழமை போனார். நாலு வாரமும் பூஜ்யம், கடைசி வாரம் மட்டும் ஒரு கப்பல், அதுவும் சரக்குக் கப்பல். கீழே கரையில் ஊரிலிருந்த அத்தனை வள்ளங்களும் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன, அதையும் அவர் பார்த்தார். கோயில் மணி அடித்தது, அதையும் கேட்டார். ஊர் முழுக்க வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாகக் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது, மேலேயிருந்து அதுவும் நன்றாகத்தான் தெரிந்தது. என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டு பைனாகுலரை மறுபடி கடல் பக்கம் திருப்பினார், மகானுபாவர். லால்குடிக்காரனுக்கு என்ன தெரியும்? கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், ஊர்க் கட்டுப்பாடு அது, போனால் கமிட்டி கூப்பிட்டுக் கேட்கும் என்பது அங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இவர் எம்.டெக். தங்கப் பதக்கம். கீழே இறங்கி ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை, கண்ணால் காண்கிறபோது வாயால் எதற்குக் கேட்கவேண்டும் என்று இருந்துவிட்டார்.

தெரியவந்தது மூன்று வருஷம் கழித்து. வேறு கல்லூரி, ஆசிரியர்கள் அறையில் மத்தியானச் சாப்பாடு. ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு கணக்கு வாத்தியார், கடலோரத்து ஆள். பேச்சுவாக்கில் இவர் தன் வீரப்பிரதாபத்தை எடுத்துவிட்டார், லைட்ஹவுஸ், பைனாகுலர், நாலு ஞாயிறு. ஸ்தனிஸ்லாஸுக்கு வாயில் வைத்த சோறு புரையேறிவிட்டது. "ஞாயித்துக்கிழமையா? நாலு வாரமும் ஞாயித்துக்கிழமையாவே போனீரு?" என்று கேட்டுவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். என்ன செய்வது, சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். அன்று சாயங்காலமே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார், இன்ன அறிக்கையில் இன்ன அட்டவணை தவறான நாட்களில் எடுக்கப்பட்டது, திரும்ப எடுக்கவேண்டும் என்று. அழகான கடிதம். உறைக்குள் போட்டு, முகவரி எழுதி, கோந்து தடவுகிற நேரத்தில், அடுத்த மாதம் இந்த மையத்தில் நேர்காணல் இருக்கிறதே, அந்தக் கம்பெனிக்காரனின் சிபாரிசில்தானே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஞாபகம் வந்தது. வேலை கிடைக்கட்டும், அப்புறம் அனுப்பலாம். வேலை கிடைத்தது. நிரந்தரம் ஆகட்டும். ஆனது. பிறகு யாரோ ஒருவர் அந்த அட்டவணையைத் தன் கட்டுரையில் எடுத்துப் போட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டுக்காரரே சொல்லிவிட்டார் என்று ஒரு அரசு ஆவணம். அப்புறம் அதைத் திருத்த இவர் யார்? பூஜ்யம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டது. எடுத்தாண்ட ஒருவராவது பின்னிணைப்பைப் புரட்டி, அங்கே போட்டிருக்கிற தேதிகளை ஒரு காலண்டரோடு ஒத்துப் பார்த்திருக்கலாமே? ஜனவரி 10, 17, 24, 31, ஒளிவுமறைவே இல்லாமல் அச்சடித்துக் கிடக்கிறது. பார்க்கவில்லை. சோம்பேறிகள். டாக்டர் பட்டம் வாங்கின சோம்பேறிகள். தப்பு செய்தவன் ஒருத்தன், அதைப் பதினாறு வருஷமாக மனப்பாடம் செய்தவர்கள் நூறு பேர், இதில் யார் பெரிய அயோக்கியன்? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் தெய்வசிகாமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

"உங்க கேள்வி ஏதாவது, சார்?" என்றார் வசுமதி. தெய்வசிகாமணி கழுத்தை நிறுத்தினார். "அந்த அட்டவணையை நீங்க பரிசோதிச்சீங்களா, தம்பி?" என்று கேட்டுவிட்டார், ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை, குறும்பு என்று வைத்துக்கொள்வோம். ப்ரணவ் சிரித்தான். "அது பல பேர் எடுத்தாண்டது சார். இந்தத் துறைக்கே அடிப்படை." அடிப்படையாம், அடிப்படை! மண்ணாங்கட்டி. தாளில் முப்பதுக்கு இருபத்திரண்டு என்று போட்டார். எல்லாருக்கும் இருபது, இருபத்தொன்று போட்டாயிற்று, இவன் இன்னும் நன்றாகப் பொய் சொல்லுகிறான், அதற்கு ஒன்று கூட. மதிப்பெண் தாள் இங்கே ஒரு சடங்கு. ஒவ்வொருவரும் தனித்தனியாக மையில் எழுதவேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது, கடைசியில் மேடம் மூன்றையும் கூட்டுவார். காலையில் வந்த உடனே இன்னொரு தாளில் வேறு கையெழுத்து வாங்கினார்கள், விண்ணப்பதாரர் எவருடைய ஆய்விலும் எனக்குச் சொந்த லாபநஷ்டம் எதுவும் இல்லை என்று. படிக்காமலேயே போட்டார். யார்தான் படிக்கிறார்கள்? வசுமதி மேடம் திருப்தியாகக் கைகளைக் கோத்துக்கொண்டு, "இந்தப் பையன்தான்னு தோணுது. கடைசி ஒரு ஆள், முடிச்சுட்டுச் சாப்பிடப் போகலாம்" என்றார். கடைசி ஆளின் விண்ணப்பத்தைத் தெய்வசிகாமணி அப்போதுதான் எடுத்தார். சகாய ஷெர்லின், வயது முப்பத்தொன்று. வயது வரம்பு முப்பத்தொன்றுதான், அடுத்த வருஷம் இவள் மனுப் போட முடியாது. ஊர், ஆரோக்கியத்துறை.

முதலில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆரோக்கியத்துறை, சரி, அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், படிக்கவைக்கிறார்கள். ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். பக்கம் முழுக்க ஒரு காலண்டர். ஒரு ஜனவரி மாதத்துக் காலண்டர், நாலு கட்டங்களில் சிவப்பு வட்டம். கை சில்லிட்டுப் போயிற்று, ஏசியைக் கூட்டியிருப்பார்களோ, இல்லை, ஏசி அப்படியேதான் இருந்தது. ஓகோ, வந்துவிட்டாயா. பதினாறு வருஷம் ஒருத்தரும் வரவில்லை, நீ வந்துவிட்டாய், அதுவும் அந்த ஊரிலிருந்தே. இவளுக்குத் தெரியுமா, இல்லையா? தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடுவாளோ? வருகிற ஆனியில் பேராசிரியர் பதவி உயர்வு, கோப்பு மேடத்தின் மேஜையில் இருக்கிறது. தெய்வசிகாமணியின் மனைவி ஏற்கெனவே அக்காவிடம் சொல்லிவிட்டாள். சே, இந்த நேரத்தில் அக்காவா முக்கியம்? விண்ணப்பத்தில் என்ன தப்பு இருக்கிறது என்று அவசர அவசரமாகத் தேடினார். இங்கிலீஷில் இரண்டு பிழை. கண்டுபிடித்ததும் அப்படி ஒரு நிம்மதி. பார், இங்கிலீஷே எழுதத் தெரியவில்லை, இது கொள்கை பேச வந்துவிட்டது.

அவள் உள்ளே வந்தாள். காட்டன் சேலை, தோளில் துணிப்பை, டையும் இல்லை கருவியும் இல்லை, சூரியனும் இல்லை. சுவரில் அவள் போட்ட ஒரே படம் அந்தக் காலண்டர்தான். "எங்க ஊருல ஞாயித்துக்கிழமை வள்ளம் இறங்காது," என்றாள், முதலில் தமிழில் சொல்லிவிட்டு, ஹென்ரிக்குக்காக இங்கிலீஷிலும் சொன்னாள், தடுமாறாமல், பயப்படாமல், தன் வீட்டு வாசலில் நின்று வழி சொல்லுகிறவள் மாதிரி. "அட்டவணை நாலு புள்ளி ரெண்டுல நாலு நாள் கணக்கு இருக்கு. நாலும் ஞாயிறு. அன்னைக்கு எங்க ஆளுங்க எல்லாரும் பூசைக்குப் போயிருந்தாவ. அதைத்தான் மீன்பிடி இல்லாத கடல்னு எழுதியிருக்காங்க." டிவிக்குள் ரொட்டி நின்றுவிட்டது. ஹென்ரிக் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. முப்பத்தோரு வள்ளங்களின் ஜிபிஎஸ் கருவிகளிலிருந்து ஒரு வருஷத்து வழித்தடங்களை இறக்கியிருப்பதாக அவள் சொன்னாள். அந்தக் கோடுகளைக் காலண்டருக்கு அடுத்து வரைபடத்தில் போட்டிருந்தாள், ஏலம் விடப்போகிற அந்தப் பகுதி முழுக்கக் கோடு, நூல்கண்டு பிரிந்து கிடப்பது மாதிரி. "இந்தப் பகுதியை அப்படியே குடுத்துட்டா எங்க ஊரும் பக்கத்துல அஞ்சு ஊரும் எங்க போய் வலை போடும்? காத்தாடி வேண்டாம்னு நான் சொல்லல. எங்க நடணும்னு திரும்ப எண்ணிப் பாருங்கன்னுதான் சொல்லுதேன். அதைத்தான் ஆராய்ச்சியா செய்யணும்." வசுமதி மேடம் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அடக் கடவுளே, யாருமா அது, நாலு ஞாயித்துக்கிழமை போய் எண்ணின புத்திசாலி?" என்றார். தெய்வசிகாமணியின் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் அவருக்கே கேட்டது. அவள் தாளைப் புரட்டினாள். "அது வேண்டாம் மேடம். யாரோ பாவம், லீவு நாள்லதான் வந்திருக்க முடியும்" என்றாள். தெரியவில்லை. இவளுக்குத் தெரியவில்லை! அப்பாடா என்று மூச்சுவிட்ட அந்தக் கணத்திலேயே அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பாவமாமே? யார் பாவம்? இவள் யார் என்னைப் பாவம் என்று சொல்ல? மீன் நாற்றம் போகக் குளித்துவிட்டு நேற்று ரயிலேறி வந்தவள். இப்படி நினைத்தது தனக்கே அசிங்கமாகப்பட்டது, ஆனாலும் நினைத்துவிட்டார், நினைத்தது உள்ளேயே நின்றுகொண்டது.

"உங்க அப்பா என்ன செய்யறார்?" என்று கேட்டார் தெய்வசிகாமணி. குரல் மிருதுவாக வந்தது, அவருக்கே ஆச்சரியம். "கடலுக்குப் போறாவ சார்." "சொந்த வள்ளமா?" "ஆமா சார்." "அந்த முப்பத்தொண்ணுல அதுவும் ஒண்ணு?" "ஆமா." "அப்படின்னா," என்று இழுத்தார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார், "உங்க வீட்டுப் பிழைப்பைப் பத்தி நீங்களே ஆராய்ச்சி பண்ணினா அதை உலகம் எப்படிம்மா நடுநிலைன்னு ஏத்துக்கும்?" அருமையான கேள்வி. வசுமதி மேடம் புருவத்தைத் தூக்கினார், இப்படி ஒரு கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று. ஷெர்லின் சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கடலுக்குப் போகாதவங்கதான் சார் இதுவரைக்கும் எண்ணினாங்க" என்றாள். கேள்வியையும் பதிலையும் ஹென்ரிக்குக்காக இங்கிலீஷிலும் சொன்னாள். ஹென்ரிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, குட், வெரி குட் என்றார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

பேனா மூடியைத் திறந்தார் தெய்வசிகாமணி. இதிலென்ன யோசனை? நல்ல ஆய்வு. பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் ஆய்வு, மற்றதெல்லாம் வாந்தி. இருபத்தெட்டு போடு. போடு ஐயா. போட்டால் என்ன ஆகும்? அவள் வருவாள், நாலு வருஷம் இங்கேயே வராந்தாவில் நடப்பாள், கம்பெனியின் பழைய கோப்புகளைக் கேட்பாள், ஒரு நாள் கோப்பில் பயணப்படி ரசீது கிடைக்கும், திருச்சியிலிருந்து பஸ் டிக்கெட் நாலு. வசுமதி மேடம் புருவத்தைத் தூக்குவார். புத்திசாலி! மேடத்தின் வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு ருசியாக வந்தது. சரி, பூஜ்யம் போடலாமா? பூஜ்யம் போடுவது உனக்குப் புதிதா என்ன? சீ, பூஜ்யம் போட்டால் பார்த்த உடனே தெரிந்துவிடும். இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் ஒரு நடுவாந்தர எண் இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்காத எண். அடிப்படையில் அவள் சார்பு உள்ளவள்தானே, அதில் என்ன பொய்? நியாயமான சந்தேகம்தானே? இங்கிலீஷிலும் பிழை இருந்தது. டென்மார்க் போய் என்ன பேசுவாள்? காலையில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது, சொந்த லாபநஷ்டம் எதுவும் இல்லை, தெய்வசிகாமணி, தேதி. எழுந்து, மேடம், இந்த ஆளுக்கு நான் மதிப்பெண் போடக்கூடாது, அந்தப் புத்திசாலி நான்தான் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகும். சொல்லிவிட்டால் பிறகு என்ன? சிரிப்பார்கள். ஸ்தனிஸ்லாஸ் சிரித்தது மாதிரி. அதைவிடக் கேவலம், சிரித்துவிட்டு, பரவாயில்லை சார் என்று ஆறுதல் சொல்வார்கள். ஊரையே எள்ளி நகையாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அது தாங்காது. பதினான்கு என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், களத்தோடு மிகுந்த நெருக்கம், நடுநிலை ஐயத்துக்குரியது என்று எழுதினார், கையெழுத்துகூட அழகாக இருந்தது.

மேடம் கூட்டினார். விரல்விட்டுக் கூட்டுகிற பழக்கம், உதடு அசையும். ப்ரணவுக்கு மேடம் இருபத்தாறு, ஹென்ரிக் பத்தொன்பது, இவர் இருபத்திரண்டு, ஆக அறுபத்தேழு. ஷெர்லினுக்கு மேடம் இருபத்திரண்டு, ஹென்ரிக் இருபத்தொன்பது, இவர் பதினான்கு. "அறுபத்தஞ்சு," என்றார் மேடம். "அட, ரெண்டே மார்க். உங்க மார்க்குலதான் போச்சு சார். ஆனா நீங்க எழுதியிருக்கிறதும் வாஸ்தவம்தான். எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை." ஹென்ரிக் திரையில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, விதி விதிதான் என்கிற மாதிரி கையை விரித்தார். இவ்வளவுதான் வெள்ளைக்காரன் வீரம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "ப்ரணவுக்கு நீங்களே வழிகாட்டியா இருங்க," என்றார் மேடம், மதிப்பெண் தாள்களை உறையிலிட்டு ஒட்டிக்கொண்டே. சரி என்றார் தெய்வசிகாமணி. அவனும் அட்டவணையும் நாலு வருஷம் நன்றாக இருக்கட்டும். வெளியே புளியோதரை வாசனை வந்துகொண்டிருந்தது.

வராந்தாவிலிருந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ஷெர்லின் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், சான்றிதழ்களைத் திரும்ப வாங்கித் துணிப்பைக்குள் அடுக்கியபடி. தெய்வசிகாமணி பார்க்காதது மாதிரி நடந்தார். "சார்," என்று பின்னாலேயே வந்துவிட்டாள். நின்றார். என்ன, அழப்போகிறாளா, சிபாரிசு கேட்கப்போகிறாளா? கேட்கட்டும், கேட்டால் நன்றாயிருக்கும், கேட்டால் இவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று முடித்துவிடலாம்.

"உள்ள வச்சு மேடம் கேட்டாவல்ல, யாரு எண்ணினதுன்னு," என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "லைட்ஹவுஸ் ஆபீஸ்ல பழைய வருகைப் புத்தகம் இருக்கு சார். நாலு வாரமும் உங்க பேரு இருக்கு. மெயில்ல வந்த குழு லிஸ்ட்ல பேரைப் பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சிருச்சு. அவங்க முன்னாடி வச்சு எதுக்குன்னுதான் சொல்லல."

தெய்வசிகாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். ஏதாவது ஒரு ஏளனம் வேண்டும், சின்னதாக ஒன்று, நல்லவள் வேஷம் போடுகிறாள், காரியம் ஆகவேண்டி நடிக்கிறாள், ஏதாவது. தேடினார். அந்த முகத்தில் அதற்கு இடமே இல்லை.

"நீங்க தேதியை மறைக்கல சார்," என்றாள் அவள். "வேற ஆளா இருந்தா மாத்திப் போட்டிருப்பாங்க, இல்ல போடாமலேயே விட்டிருப்பாங்க. நீங்க உள்ளபடி போட்டீங்க, அதனாலதான் நான் கண்டுபிடிச்சேன். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ஊர்லேருந்தே நெனச்சுட்டு வந்தேன். இடம் கிடைச்சா உங்ககிட்டதான் சார் வேலை செய்யணும். திரும்ப எண்ணும்போது நீங்களும் வரணும்." பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "நான் நல்லாச் சொன்னேனா சார்?" என்று கேட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் உறை மேஜையில் இருக்கிறது. பத்தடி தூரம். மேடம் கை கழுவப் போயிருப்பார், இன்னும் அனுப்பியிருக்கமாட்டார்கள். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினால் போதும். தெய்வசிகாமணியின் கழுத்து தானாகவே ஆடியது.

"நல்லாச் சொன்னீங்கம்மா," என்றார். "முடிவு மெயில்ல வரும்."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். படியிறங்கிப் போகும்போதே போனை எடுத்துவிட்டாள், அடுத்த தளத்திலிருந்து அவள் குரல் மேலே கேட்டது, சந்தோஷம் தாங்காத குரல். "அப்பா, முடிஞ்சுட்டு. அந்த சாரு நல்லாச் சொன்னேன்னு சொல்லிட்டாவ. ஆமா, அவுகளேதான் சொன்னாவ."